நனைந்து வந்தவளிடம் கேட்கும் முதல் கேள்வி

ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' பற்றிப் பேச ஆரம்பித்தால் எல்லோரும் நேராக அந்தத் தண்ணீருக்குத்தான் போவார்கள். மழையில் பஸ்ஸுக்காக நிற்கும் கல்லூரிப் பெண், வந்து நிற்கும் பெரிய கார், பின் இருக்கையில் நடப்பது, வீடு திரும்பியதும் அம்மா அவள் தலையில் கொட்டும் தண்ணீர். 1966-இல் ஆனந்த விகடனில் வந்தபோது சண்டை நடந்ததும் அந்தத் தண்ணீரைச் சுற்றித்தான். கெட்டுப்போன பெண்ணை ஒரு குளியலில் சுத்தமாக்கிவிட முடியுமா என்று ஒரு தரப்பு. முடியும் என்று சொன்னதற்காக ஜெயகாந்தனைக் கொண்டாடிய இன்னொரு தரப்பு.

எனக்கு அந்தத் தண்ணீருக்குக் கொஞ்சம் முன்னால் வரும் ஒரு பொய்தான் முக்கியமாகப் படுகிறது.

மகள் சொன்னதைக் கேட்டதும் அந்த அம்மா ஒன்றும் மகானாக மாறிவிடுவதில்லை. அடிக்கிறாள், அழுகிறாள். பல குடித்தனங்கள் இருக்கும் வீடு. சத்தம் கேட்டுப் பக்கத்துக் குடித்தனக்காரி என்ன ஏது என்று விசாரிக்கிறாள். அந்த ஒரு நொடியில் அம்மா சுதாரித்துக்கொள்கிறாள். இப்படிக் கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டு வந்திருக்கிறாள், அதற்குத்தான் திட்டுகிறேன் என்கிறாள். விசாரித்தவள் போய்விடுகிறாள். கதை திரும்புகிற இடம் அதுதான் என்பது என் எண்ணம். அதுவரை அம்மா ஊரின் பக்கம் நின்று மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொன்ன மாத்திரத்தில் மகளின் பக்கம் வந்து நின்று ஊரைப் பார்க்கிறாள். அதற்குப் பிறகுதான் தண்ணீர். பக்கம் மாறாத அம்மா ஆயிரம் குடம் கொட்டியிருந்தாலும் அது வெறும் குளியலாகத்தான் இருந்திருக்கும்.

இதை நானாக ஏற்றிச் சொல்லவில்லை. ஜெயகாந்தனே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். அந்த அம்மா பக்கம் மாறாமலே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு அவர் எழுதியதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972-இல் சாகித்ய அகாதமி விருது வாங்கிய நாவல். அதே மழை, அதே கார், அதே பெண். இங்கே அவளுக்குக் கங்கா என்று ஒரு பெயர் இருக்கிறது. அம்மாவுக்குக் கனகம் என்று பெயர். கனகம் செய்வது ஒன்றே ஒன்றுதான்: ஊருக்குக் கேட்கிறமாதிரி அலறிவிடுகிறாள். அவ்வளவுதான். அண்ணன் கணேசன் தங்கையை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான். வெங்கு மாமா அடைக்கலம் தருகிறார், படிக்க வைக்கிறார், கூடவே தன் கையையும் நீட்டிக்கொண்டே இருக்கிறார். கங்கா நன்றாகப் படிக்கிறாள், நல்ல உத்தியோகத்துக்குப் போகிறாள், சொந்தக் காலில் நிற்கிறாள்.

நம் காலத்து அளவுகோலை வைத்துப் பார்த்தால் கங்காவுக்கு என்ன குறை? படிப்பு, சம்பளம், ஆங்கிலம், நான்கு பேர் நடுவில் நிமிர்ந்து பேசும் தெளிவு எல்லாம் உண்டு. ஆனால் நாவல் முழுக்க அவள் அந்த மழை நாளைவிட்டு வெளியே வரவேயில்லை. பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு பத்திரிகையில் ஆர்.கே.வி. என்பவர் எழுதிய 'அக்னிப் பிரவேசம்' என்ற கதையைப் படிக்கிறாள். (தன் கதையையே தன் நாவலின் பாத்திரத்துக்குப் படிக்கக் கொடுக்கும் இந்தத் துணிச்சல் ஜெயகாந்தனுக்கு மட்டும்தான் வரும்.) அதை அம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறாள். இதைவிடக் கொடூரமான காட்சி தமிழில் அதிகம் இல்லை. கையே ஓங்காமல், குரலே உயர்த்தாமல், நீ இப்படி நடந்துகொண்டிருக்கலாமே என்று ஒரு மகள் அம்மாவுக்கு எடுத்துக் காட்டுகிறாள். கனகத்திடம் அதற்குப் பதில் இல்லை. அழுகைதான் இருக்கிறது.

ஒரே பெண், ஒரே சம்பவம். ஒரு வீட்டில் அது ஒரு மழை நாளோடு முடிகிறது. இன்னொரு வீட்டில் அதுவே ஆயுள் முழுக்க நீள்கிறது. வித்தியாசம் அந்தப் பெண்ணுக்குள்ளே இல்லை. அவள் தைரியசாலியா, கோழையா, உலகம் தெரிந்தவளா என்பதெல்லாம் இரண்டு பிரதியிலும் மாறவேயில்லை. மாறியது வீட்டு வாசலில் அவளை எதிர்கொண்ட முதல் வார்த்தை.

*

எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். ஒன்றாம் வகுப்பு. ஆகவே என் கைபேசி என்னை விடுவதில்லை. உங்கள் மகளைத் தன்னம்பிக்கை மிக்கவளாக வளர்ப்பது எப்படி என்று தினமும் ஒரு வீடியோ. எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் கராத்தே, சிலம்பம், மேடைப் பேச்சு, கோடிங் என்று வகுப்புகளுக்குக் குறைவே இல்லை. வகுப்புகள்மீது எனக்கு வெறுப்பு ஒன்றும் கிடையாது. சிலம்பம் அழகான விஷயம், பிள்ளை வேர்த்து விறுவிறுத்து வீடு வந்து நன்றாகச் சாப்பிடுகிறாள். ஆனால் இந்த விளம்பரங்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது: தைரியம் என்பது பெண்ணுக்குள்ளே நிரப்ப வேண்டிய ஒரு சரக்கு. மாதம் இவ்வளவு ரூபாய் கட்டினால் இத்தனை லிட்டர் ஊற்றப்படும்.

இப்போது அதிகம் புழங்கும் இன்னொரு சொல் 'ரெசிலியன்ஸ்'. தமிழில் மீள்திறன் என்று எழுதுகிறார்கள். இன்ஜினீயரிங் படித்தவர்களுக்கு இந்தச் சொல் பழக்கம். ஒரு உலோகக் கம்பியை இழுக்கிறோம். நீள்கிறது. விட்டால் பழைய நீளத்துக்குத் திரும்புகிறது. அப்படித் திரும்பக்கூடிய வரம்புக்குள் அது எவ்வளவு ஆற்றலை உள்வாங்கிக்கொள்ளும் என்பதுதான் அந்த அளவு. வரம்பு தாண்டிவிட்டால் சுமையை எடுத்தாலும் கம்பி திரும்பாது, கோணல் கோணலாகவே நின்றுவிடும். ஆய்வகத்தில் நாங்கள் கம்பியைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதினோம். சுமையை ஏன் ஏற்றினாய் என்று அந்த எந்திரத்தை யாரும் கேட்டதில்லை. பெண்பிள்ளை விஷயத்தில் இந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு வரும்போதும் அதேதான் நடக்கிறது. கம்பியின் தரத்தைப் பற்றி வகுப்பு மேல் வகுப்பு. சுமை ஏற்றுகிறவனைப் பற்றியும், கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கும் இரண்டு பக்கத்துக் கைகளைப் பற்றியும் ஒரு வரி கிடையாது.

அந்தக் கைகளைப் பற்றி எனக்குப் புரிய வைத்தது பெற்றோர்களுக்கான புத்தகம் எதுவும் இல்லை, என் வேலைதான். மென்பொருள் துறையில் ஒரு பழக்கம் உண்டு. நடுராத்திரியில் ஏதாவது ஒரு சேவை விழுந்துவிடும். யாரோ ஒருவர் தவறான கட்டளையை ஓட்டியிருப்பார். சரிசெய்து முடித்த பிறகு ஒரு கூட்டம் நடக்கும். அந்தக் கூட்டத்தில் 'யார் செய்தது' என்று கேட்கக் கூடாது என்பது நல்ல குழுக்களில் எழுதிவைத்த விதி. என்ன நடந்தது, எந்த வரிசையில் நடந்தது, இதை நடக்கவிட்ட ஓட்டை எங்கே இருக்கிறது என்று மட்டும்தான் கேட்கலாம். 'பிளேம்லெஸ் போஸ்ட்மார்ட்டம்' என்று பெயர். கருணையினால் வந்த வழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். சுத்தமான சுயநலம். ஒரு தடவை ஒருத்தரை எல்லோர் முன்னாலும் நிறுத்திவைத்துக் கேட்டுவிட்டால், அடுத்த தடவை தவறு நடக்கும்போது அவரும் வாயைத் திறக்க மாட்டார், அதைப் பார்த்துக்கொண்டிருந்த மற்ற பத்துப் பேரும் திறக்க மாட்டார்கள். தவறுகள் நடந்துகொண்டுதான் இருக்கும். செய்தி வருவது மட்டும் நின்றுவிடும். செய்தி வராத குழுவுக்கு முதலாவதாகத் தகவல் சொல்கிறவர் வாடிக்கையாளர்தான்.

வீடும் அப்படித்தான் இயங்குகிறது. "அங்க எதுக்குடி போன?" என்பது கேள்வி மாதிரி இருக்கும், உண்மையில் அது தீர்ப்பு. ஸ்கூட்டியைக் கீழே போட்டுவிட்டு முட்டி தேய்ந்து வருபவளிடமும், கணக்கில் முப்பது வாங்கி வருபவளிடமும், பேருந்தில் ஒருவன் உரசியதைச் சொல்ல வருபவளிடமும் நாம் இதே வாக்கியத்தைத்தான் முதலில் எடுக்கிறோம். முதல் இரண்டு தடவையில் பிள்ளை கணக்குப் போட்டுக்கொள்கிறது. மூன்றாவது விஷயம் வீட்டுக்கு வருவதில்லை. நமக்கு அது நிம்மதியாகவும் இருக்கிறது. எம் பொண்ணு ஒரு பிரச்சினையும் கொண்டுவர மாட்டா, ரொம்பத் தைரியசாலி என்று சொல்லிக்கொள்கிறோம்.

*

பொள்ளாச்சி வழக்கை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி கொடுத்த புகாரில்தான் அது வெளியே வந்தது. அதற்கு முன்னால் பல பெண்கள், பல ஆண்டுகள். அந்தக் கும்பலிடம் இருந்த ஆயுதத்தை யோசித்துப் பாருங்கள். ஒரு கைபேசி, அதில் ஒரு வீடியோ. வீடியோவுக்கென்று தனியாக ஒரு பலமும் கிடையாது. அதை உங்க வீட்டுக்குக் காட்டிவிடுவோம் என்ற மிரட்டலில்தான் அதன் பலம் இருக்கிறது. வீடு தன் பக்கம் நிற்காது என்று அந்தப் பெண்கள் நம்பியதை முதலாகப் போட்டு நடத்திய தொழில் அது. அவர்கள் அப்படி நம்பியதிலும் தப்பில்லை, பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த வாக்கியங்கள் அப்படி. புகார் கொடுத்த பெண்ணின் அடையாளத்தைக் காவல் துறையே வெளியிட்டபோது ஊரும் அதே வாக்கியத்தைத்தான் சொன்னது.

2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்பளித்தது. அன்று எல்லோரும் தண்டனையைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு மனதில் நின்றது வேறு ஒரு தகவல்: சாட்சி சொன்ன பாதிக்கப்பட்ட பெண்களில் ஒருவர்கூடப் பிறழ் சாட்சியாக மாறவில்லை. ஆறு வருஷம். அதற்குள் அவர்களில் சிலருக்காவது கல்யாணம், வேலை, புது ஊர் என்று வாழ்க்கை நகர்ந்திருக்கும். ஒவ்வொருவர் பக்கத்திலும் யாரோ ஒருவர் நின்றிருக்க வேண்டும். ஒரு அம்மாவோ, கணவனோ, வழக்கறிஞரோ, ஒரு பெண் அதிகாரியோ. கம்பி மட்டும் தனியாக ஆறு வருஷம் தாங்காது.

அதே ஆண்டில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. 2024 டிசம்பர் 23 அன்று இரவு அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவிக்கு நடந்தது. அங்கேயும் வீடியோ மிரட்டல் இருந்தது. ஆனால் அந்த மாணவி உடனேயே புகார் கொடுத்தார். ஐந்தே மாதத்தில் தீர்ப்பு. குறைந்தது முப்பது ஆண்டு சிறையிலிருந்து வெளியே வர முடியாத ஆயுள் தண்டனை. இதைவிடத் தன்னம்பிக்கையான பெண்ணை எந்த வகுப்பில் உருவாக்க முடியும்? அவருக்கு அமைப்பு கொடுத்த பதில் என்ன தெரியுமா? முதல் தகவல் அறிக்கை அவருடைய விவரங்களோடு இணையத்தில் எல்லோர் கண்ணுக்கும் படும்படி கிடந்தது. அந்த அறிக்கை எழுதப்பட்ட மொழியே பெண்மீது பழி போடுவதாக இருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது. அந்த மாணவிக்கு 25 லட்ச ரூபாய் கொடுக்கச் சொன்னது. அரசாங்கக் காகிதத்தில், அதிகாரபூர்வ மொழியில், கனகத்தின் அலறல். ராத்திரி அந்த நேரத்தில் அங்கே என்ன வேலை என்று சமூக ஊடகத்தில் கேட்டவர்களில் பாதிப் பேராவது பெண்ணைப் பெற்றவர்களாக இருந்திருப்பார்கள். அவர்களுடைய பெண்களும் அதைப் படித்திருப்பார்கள். ஊரார் வீட்டுப் பெண்ணைப் பற்றி நாம் ஹாலில் உட்கார்ந்து பேசும் வார்த்தைகளைத்தான் நம் வீட்டுப் பெண் தனக்கான விதியாக எடுத்துக்கொள்கிறாள். எனக்கு இது உறைக்க ஒரு மகள் பிறக்க வேண்டியிருந்தது என்று சொன்னால் உருக்கமாக இருக்கும். அப்படியெல்லாம் இல்லை, என் அக்கா ஹாலைத் தாண்டிப் போகும்போது முகம் மாறுவதைச் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன்.

*

'அக்னிப் பிரவேச'த்தின் அம்மாவை இவ்வளவு தூரம் புகழ்ந்துவிட்டேன். அந்தக் கதையோடு எனக்கு இருக்கும் சண்டையையும் சொல்லிவிட வேண்டும்.

கழுவினால் போய்விடும் என்று சொல்வதற்குள்ளே, கழுவவேண்டிய ஏதோ ஒன்று ஒட்டியிருந்தது என்ற ஒப்புதல் இருக்கிறது. அந்த அம்மா மகளைச் சுத்தமானவள் என்று அறிவிக்கிறாள். அகலிகையைத் துணைக்குக் கூப்பிடுகிறாள், கொட்டிய தண்ணீரை நெருப்பு என்று நினைத்துக்கொள்ளச் சொல்கிறாள். சடங்கு மாறுகிறது, சுத்தம் அசுத்தம் என்ற பட்டியல் அப்படியே இருக்கிறது. அவள் இருந்த இடத்தில், அந்தக் காலத்தில் அவள் கைக்கு எட்டியது அந்த மொழிதான். அதை வைத்தே மகளைக் காப்பாற்றியது அவள் கெட்டிக்காரத்தனம். ஆனால் நாம் இன்று அதையே திருப்பிச் சொல்லக் கூடாது. புதுமைப்பித்தன் 1943-லேயே 'சாப விமோசன'த்தில் இந்த முடிச்சைத் தொட்டுவிட்டார். அங்கே சீதை தீக்குளித்ததைச் சீதையின் வாயாலேயே கேட்கிறாள் அகலிகை. கேட்டதும் மறுபடி கல்லாகிவிடுகிறாள். ஒரு பெண்ணுக்கு மன்னிப்பு, இன்னொருத்திக்குச் சோதனை என்று விதி ஆளுக்கொரு மாதிரி இருந்தால் அந்த மன்னிப்புக்கு என்ன மதிப்பு என்பதுதான் அந்தக் கல்லின் கேள்வி. இருபது வருஷம் கழித்து வந்த ஜெயகாந்தன் அதே இரண்டு பெண்களையும் தன் கதைக்குள் கூப்பிடுகிறார், அகலிகையைப் பேச்சில், சீதையைத் தலைப்பில். புதுமைப்பித்தனின் கேள்விக்கு மட்டும் அவர் பதில் சொல்லவில்லை.

இன்னொன்று, யாரிடமும் சொல்லக் கூடாது என்ற கட்டளை. 1966-இல் அது கவசம். பொய்யைப் போலவே அதுவும் மகளின் பக்கம் நின்று செய்த காரியம். இன்று அதே கவசம் காரில் வந்தவனுக்கும் சேர்த்துத்தான் பாதுகாப்பு. அவன் அடுத்த மழையில் அடுத்த பஸ் நிறுத்தத்துக்குப் போகலாம். 'சில நேரங்களில் சில மனிதர்க'ளில் ஜெயகாந்தன் அவனைத் தேடிப்போகிறார் என்பதை மறுக்கவில்லை. பிரபு என்ற அவனுக்கு ஒரு மனைவி, மஞ்சு என்று வளர்ந்த மகள். கங்காவுக்கு அந்த மகளோடு பழக்கம் ஏற்படுகிறது. நாவலில் என்னை மிகவும் தொந்தரவு செய்யும் பாத்திரம் மஞ்சுதான். எல்லாச் சாலையும் எப்படிப்பட்டது என்று நன்றாகத் தெரிந்த ஒருவனுக்குப் பிறந்த பெண். பெண்ணை எப்படி வளர்ப்பது என்று பேசுகிற எந்தக் கூட்டமும் பிரபுவை எப்படி வளர்ப்பது என்பதற்கு ஒரு அரை மணி நேரம் ஒதுக்குவதில்லை.

மூன்றாவது குறைதான் பெரிது. 'அக்னிப் பிரவேசம்' அம்மாவின் கதை. மகளுக்கு அதில் பெயர்கூட இல்லை. அவள் உடம்பு நனைகிறது, அடி வாங்குகிறது, கழுவப்படுகிறது, விளக்கின் முன் நிற்கிறது. அவள் என்ன நினைத்தாள் என்பதை அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை.

*

மகளைப் பேச விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அம்பையிடம் போக வேண்டும். 'சிறகுகள் முறியும்' தொகுப்பில் இருக்கும் 'அம்மா ஒரு கொலை செய்தாள்'. தலைப்பிலேயே குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகிவிட்டது; தாக்கல் செய்வது மகள்.

இந்தக் கதையில் கார் இல்லை, அந்நியன் இல்லை. நடப்பது எல்லா வீட்டிலும் நடப்பது. ஒரு சிறுமி வயதுக்கு வருகிறாள். அப்போது அம்மா ஊரில் இல்லை. சுற்றியிருப்பவர்கள் ஆளுக்கு ஒரு குறிப்பு காட்டுகிறார்கள், யாருமே விளக்கிச் சொல்வதில்லை. அந்தப் பெண் கறுப்பு. ஆனால் அதுவரை அந்தக் கறுப்பு அவளுக்குப் பாரமாக இருந்ததில்லை, ஏனென்றால் அம்மா அவளைப் பார்த்த பார்வை அப்படி. அவள் நினைவில் அம்மா கிட்டத்தட்ட ஒரு தேவதை. அம்மா வந்துவிட்டால் எல்லாம் விளங்கிவிடும் என்று காத்திருக்கிறாள். அம்மா போயிருந்தது உறவுப் பெண்ணைப் பெண்பார்க்கும் இடத்துக்கு. அங்கே நிறத்தைச் சொல்லி அந்தப் பெண்ணை வேண்டாம் என்றுவிட்டார்கள். அந்த அவமானத்தைச் சுமந்துகொண்டு அம்மா வீட்டுக்குள் நுழைகிறாள். செய்தி காதில் விழுகிறது. இப்போது இதற்கென்ன அவசரம், இதுவும் ஒரு பாரமா என்கிறமாதிரி மகளிடம் சொல்கிறாள். அவ்வளவுதான் கொலை.

நான் முதலில் இதைப் படித்தபோது தலைப்பு கொஞ்சம் அதிகம் என்றுதான் தோன்றியது. எரிச்சலில் ஒரு அம்மா சொன்னது. எந்த அம்மா சொன்னதில்லை? மறுபடி படிக்கும்போதுதான் அந்தத் தலைப்பின் துல்லியம் தெரிகிறது. அந்தப் பெண்ணிடம் இருந்த தன்னம்பிக்கை முழுக்க அம்மாவின் கண்ணில் இருந்தது. அவள் அழகாக இருந்தது அங்கேதான். அந்தக் கண் ஒரு மத்தியானம் மாப்பிள்ளை வீட்டாரின் கண்ணாக மாறிவிட்டது. கனகம் போலவே இந்த அம்மாவும் பக்கம் மாறுகிறாள், மகள் பக்கத்திலிருந்து ஊர் பக்கத்துக்கு. கனகத்துக்காவது ஒரு பேரிடி விழுந்தது. இங்கே ஒரு சாதாரண நாள், ஒரு சாதாரணக் களைப்பு. பெரிய விபத்துக்காக நாம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கும்போது பிள்ளைகள் இப்படிச் சாதாரண நாட்களில்தான் கணக்கு எழுதிக்கொள்கிறார்கள்.

அம்பை அந்த அம்மாவை வில்லியாக்குவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவளை யார் அப்படி ஆக்கினார்கள் என்பது கதைக்குள்ளேயே இருக்கிறது. ஆனாலும் மகள் மன்னிப்பதில்லை. அம்மாவும் பாவம்தான் என்ற ஒரு வரியை எழுதிக் கதையை இதமாக முடித்திருக்கலாம். எழுதவில்லை.

*

இதற்கு நேர் எதிராக, மகளுக்காக எல்லாம் செய்யும் பெற்றோர் இருக்கிறார்கள். என் தலைமுறை அப்பாக்களின் ஆதர்சம் 'தங்கல்' (2016). எனக்கும் பிடித்த படம்தான். மகாவீர் சிங் போகட் தன் பெண்களின் முடியை வெட்டி, விடியற்காலையில் எழுப்பி, மண்ணில் போட்டுப் புரட்டி மல்யுத்த வீராங்கனைகளாக்குகிறார். ஹரியானாவில் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட விதி என்ன என்பதைப் பதினான்கு வயதில் கல்யாணம் செய்துவைக்கப்படும் தோழி ஒரே காட்சியில் சொல்லிவிடுகிறாள். உங்கள் அப்பா உங்களை ஒரு ஆளாக நினைக்கவாவது செய்கிறாரே என்கிறாள். அந்த வாதத்துக்கு எதிர்வாதம் இல்லை. ஆனால் அந்தப் பெண்கள் மல்யுத்தத்தில் தோற்றிருந்தால்? அந்தப் படத்துக்குள் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. கீதா போகட் 2010 காமன்வெல்த் விளையாட்டில் தங்கம் வாங்கியது நிஜம், ஆகவே எல்லாம் சரியாகிவிடுகிறது. அப்பாவின் கனவு மகளின் பதக்கத்தால் நியாயமாகிறது. நம் சிலம்பம் வகுப்புகளும் கோடிங் வகுப்புகளும் இதன் சின்னப் பிரதிகள்தான். ஜெயித்து வருகிறவளை வரவேற்க வாசலில் எல்லோரும் நிற்போம்.

இந்த அப்பாவைத்தான் அம்பை 'சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை' கதையில் நிதானமாக எடுத்துப் பார்க்கிறார். 2021-க்கான சாகித்ய அகாதமி விருது பெற்ற தொகுப்பின் தலைப்புக் கதை. வசந்தனும் மைதிலியும் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுக்கிறார்கள், தேன்மொழி. அவளுக்குக் காது கேட்காது என்று பிறகு தெரிய வருகிறது. வசந்தன் மோசமான அப்பா இல்லை. பாசம், உழைப்பு எல்லாம் இருக்கிறது. தன் மகள் கேட்கிறவர்களின், பேசுகிறவர்களின் உலகத்துக்குள் வந்துவிட வேண்டும் என்று அவர் பாடுபடுகிறார். எல்லா விளம்பரமும் புகழும் அர்ப்பணிப்புள்ள பெற்றோர். வளர்ந்த தேன்மொழி கைகளால் பேசும் மொழியைத் தன் மொழியாக எடுத்துக்கொள்கிறாள். என் உலகம் இதுதான் என்கிறாள். இதைவிடத் தன்னம்பிக்கையான ஒரு வாக்கியத்தை மகள் சொல்லிவிட முடியாது. அதைத் தாங்க முடியாமல் போவது வசந்தனால்தான். அவர் வீட்டைவிட்டுப் போய்விடுகிறார்.

கங்காவின் நாவலில் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவள் மகள். இங்கே வெளியேறுகிறவர் அப்பா. இந்த இரண்டுக்கும் நடுவில் தமிழ்ப் புனைகதை ஐம்பது வருஷம் நடந்து வந்திருக்கிறது. மீள்திறன் யாருக்குத் தேவை என்ற கேள்விக்கு இந்தக் கதை கொடுக்கும் பதில் எனக்குச் சங்கடமாக இருக்கிறது, நான் வசந்தனின் கட்சிக்காரன் என்பதால். மகள் நான் போட்ட கோட்டைத் தாண்டிப் போகும் நாளில் எனக்கு வரப்போகும் கோபத்தை இப்போதே ஊகிக்க முடிகிறது. போன மாதம் சிலம்பம் வேண்டாம், பிடிக்கவில்லை என்று அவள் சொன்னபோது, கட்டிய பணத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் சரி என்று சொல்வதற்கு எனக்கு ஆன நேரத்தை என் மனைவி கவனித்தாள்.

மூன்றையும் சேர்த்துப் படியுங்கள்: முதலில் 'அக்னிப் பிரவேசம்', பிறகு 'அம்மா ஒரு கொலை செய்தாள்', கடைசியாகப் பச்சைப் பறவை. படித்துவிட்டு முதல் கதைக்குத் திரும்பினால் ஒரு சின்ன விஷயம் கண்ணில் படும். காரில் வந்தவன் கொடுத்த சூயிங்கம் குளித்து முடித்த பிறகும் அந்தப் பெண்ணின் வாயில் இருக்கிறது. அம்மா அதைப் பார்த்துவிட்டு அருவருத்துத் துப்பச் சொல்கிறாள், வாயைக் கொப்பளித்துவிட்டு வரச் சொல்கிறாள். அவளும் துப்பிவிடுகிறாள். அத்தனை அடி, அத்தனை அழுகை, அத்தனை தண்ணீருக்கு நடுவில் அவள் ஏன் அதை மென்றுகொண்டே இருந்தாள்? பயத்திலா, மறந்துபோயா, இனிப்பு இன்னும் மிச்சமிருந்ததாலா? அந்தக் கதையை மகளின் வாயிலிருந்து மறுபடி எழுத நினைக்கும் யாராவது அங்கிருந்து தொடங்கலாம்.